காயம் ஆறிய பின்னும் ஆறாத கை வலி
நரம்புத் தடை ஊசியும் இயன்முறைப் பயிற்சியும் எவ்வாறு உதவுகின்றன?

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், வலது கையைத் துண்டால் போர்த்திக்கொண்டு ஓர் அம்மையார் என் அறைக்கு வந்தார். ராசிபுரம் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடமொன்றில் தார் சுற்றும் வேலை பார்ப்பவர்; வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தார். கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் வலி போகவில்லை. நாளுக்கு நாள் எரிச்சலாக மாறியது. மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் தாங்கவில்லை என்பதற்காகவே அந்தத் துண்டு.

உடன் வந்த மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னு ரெண்டு இடத்துல சொல்லிட்டாங்க சார். வேலைக்குப் போகப் பயந்துக்கிட்டு அம்மா இப்படிச் சொல்லுதோன்னு எங்களுக்கே சந்தேகமா இருக்குதுங்க.”

அம்மையார் மறுத்துப் பேசவில்லை. துண்டை மெல்ல விலக்கிக் கையைக் காட்டினார். கை வீங்கிப் பளபளத்தது, நிறம் கருஞ்சிவப்பு. மறு கையைவிடத் தொடுவதற்குச் சூடாக இருந்தது. உள்ளங்கையில் வியர்வை பொடித்திருந்தது. விரல்கள் பாதிகூட மடங்கவில்லை. யாரும் நடித்து வரவழைக்கக்கூடிய மாற்றங்கள் அல்ல இவை. மகனிடம் நான் முதலில் சொன்னது இதுதான்: “அம்மா சொல்வது உண்மை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மருத்துவமும் இருக்கிறது.”

அந்த நோயையும் அதன் மருத்துவத்தையும் நம் வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வலி என்னும் காவலாளி

வலியைப் பற்றி உலகுக்குப் பெரிய பாடம் ஒன்றைச் சொன்ன மருத்துவர் நம் மண்ணில் பிறந்தவர். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டு, ஆங்கிலேயச் சமய ஊழியர் குடும்பத்தில் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை அங்கே தொடங்கினார்.

தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால், சூடும் வெட்டும் உரசலும் உணரப்படாமல் புண்ணாகி, அப்புண்கள் சீழ்பிடித்தே விரல்கள் குறுகுகின்றன என்பதை பிராண்டும் அவருடைய குழுவினரும் தெளிவாக்கினர். வலி ஒரு கொடை என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அறுவை முடிந்த கைக்கு இயன்முறைப் பயிற்சி தராவிட்டால் அறுவையே வீண் என்பதும் அவர் குழுவின் அனுபவப் பாடம்.

இந்த அம்மையாரின் நிலை அதற்கு நேர்மாறானது. அங்கே காவலாளி உறங்கிவிட்டான். இங்கே காவலாளி திருடன் போன பிறகும் கூச்சலிட்டுக்கொண்டே இருக்கிறான். காற்று வீசினாலும் கூவுகிறான். எலும்பு கூடிவிட்டது, காயம் ஆறிவிட்டது. ஆயினும் நரம்புகளும் முதுகுத்தண்டும் மூளையும் ஆபத்துச் செய்தியை நிறுத்தாமல் அனுப்புகின்றன. கூச்சல் பொய்யன்று. அதை எழுப்பும் அமைப்புதான் பழுதாகியிருக்கிறது.

நோயின் பெயரும் வரலாறும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு சேதமுற்ற வீரர்களைக் கவனித்த மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல், 1864இல் இந்த எரிவலியை விரிவாக எழுதி வைத்தார். வீரர்கள் சிலர் எரிச்சல் தாளாமல் ஈரத்துணியால் கையைச் சுற்றியே வைத்திருந்தனர். 1900இல் ஜெர்மன் மருத்துவர் பால் சூடெக், அடிபட்ட பின் எலும்பு மெலிந்து கை வீங்கும் நிலையை விவரித்தார். பல பெயர்களில் அழைக்கப்பட்ட இந்நிலைக்கு 1994இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் ஒரே பெயரைச் சூட்டியது. தமிழில் அதைப் ‘பன்முக உறுப்பு வலி நோய்’ எனலாம். உங்கள் மருத்துவச் சீட்டில் ‘சி.ஆர்.பி.எஸ்.’ என்று எழுதியிருந்தால் அது இதுவே. நரம்பில் நேரடிக் காயம் இல்லாமல் வருவது முதல் வகை. குறிப்பிட்ட நரம்பு ஒன்று சேதமுற்று வருவது இரண்டாம் வகை.

மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் பிறகு இது வருவது மிகுதி. சுளுக்கு, அறுவை சிகிச்சை, இயந்திரத்தில் கை நசுங்குதல் ஆகியவற்றுக்குப் பிறகும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. காயம் பெரிதா சிறிதா என்பதைக் கொண்டு வலியின் அளவைக் கணிக்க இயலாது.

எல்லாக் கை வலியும் இதுவன்று

தறி, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, லாரிக் கூண்டு கட்டும் கூடம், கோழிப்பண்ணை என்று கையை நம்பியே பிழைக்கும் வட்டாரம் நம்முடையது. ஆகவே கை வலியோடு வருபவர்கள் பலர், காரணங்களும் பல.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்து, நள்ளிரவில் வலி எழுப்பிவிட்டு, கையை உதறினால் சற்றுத் தணிகிறதென்றால், மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்கப்படுகிறது என்று ஐயுறலாம். கார்பல் டனல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கையை இடைவிடாது ஒரே வகையில் இயக்குவோர், நீரிழிவும் தைராய்டுக் குறைவும் உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோரிடம் இது காணப்படும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, ஊசி, தேவைப்பட்டால் சிறிய அறுவை ஆகியவற்றால் குணமாகும்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் முழங்கையில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது கைக்கு மின்னல்போல் வலி ஓடினால் கழுத்து எலும்பில் காரணம் தேட வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற வெளிர்ந்த திட்டு இருந்தால் தொழுநோய்க்கான பரிசோதனை கட்டாயம் தேவை; அதற்குரிய கூட்டு மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

இவற்றைப் பிரித்தறிய இரத்தச் சர்க்கரை, தைராய்டு, எக்ஸ்ரே, நரம்புக் கடத்தல் சோதனை முதலியவை பயன்படும். ஆனால் பன்முக உறுப்பு வலி நோயை உறுதிசெய்யும் தனிச் சோதனை எதுவும் இல்லை. மருத்துவர் கையைப் பார்த்து, தொட்டு, மறு கையோடு ஒப்பிட்டு, பிற காரணங்களை விலக்கியே முடிவு செய்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது.

அடிபட்ட சில வாரங்களுக்குப் பின் கீழ்க்கண்டவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்:

• காயத்தின் அளவுக்குப் பொருந்தாத, எரிச்சலோடு கூடிய தொடர் வலி
• துணி, காற்று, நீர்த்துளி பட்டாலும் வலித்தல்
• மறு கையோடு ஒப்பிட நிறமும் வெப்பமும் மாறியிருத்தல்
• வீக்கம், மிகுந்த வியர்வை
• நகம், முடி வளர்ச்சியில் மாற்றம். தோல் மெலிந்து பளபளத்தல்
• விரல்கள் விறைத்து மடங்காமை, நடுக்கம், பலக்குறைவு

ஓய்வு என்னும் பொறி

வலிக்கும் கையை அசைக்காமல் வைத்திருப்பது மனித இயல்பு. புதிய காயத்துக்கு அது நல்லது. இந்த நோயிலோ அதுவே பொறியாகிவிடும். அசைக்காத மூட்டு விறைக்கிறது; விறைத்த மூட்டை அசைத்தால் மேலும் வலிக்கிறது; அதனால் இன்னும் அசைப்பதில்லை. இதற்கிடையில் மூளையில் அந்தக் கைக்கென இருக்கும் வரைபடமும் மங்குகிறது. “இது என் கை போலவே இல்லை” என்று நோயாளிகள் சிலர் சொல்வதன் பொருள் இதுவே.

பட்டமேற்படிப்பு மாணவனாக இருந்த காலத்தில் இத்தகைய நோயாளி ஒருவரிடம், “வலி முழுதும் போகட்டும், பிறகு பயிற்சி செய்யலாம்” என்று நல்லெண்ணத்தோடு சொல்லி அனுப்பினேன். அவர் சொன்னபடியே கேட்டார். சில மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்தபோது விரல்கள் கொக்கிபோல் இறுகியிருந்தன. அந்தக் கையை நான் மறக்கவில்லை. வலி போன பிறகு அசைப்பது என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். வலியை ஓரளவு தணித்து, தணிந்த வேளையில் அசைக்க வேண்டும். இன்று நாங்கள் செய்யும் மருத்துவம் முழுவதும் இந்த ஒரே கருத்தின் மேல் நிற்கிறது.

மருந்துகள்

சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அதிகம் உதவுவதில்லை. காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டூலாக்செட்டின் போன்றவை நரம்பின் கூச்சலைத் தணிப்பவை. இவற்றில் சில வலிப்பு நோய்க்கோ மனச்சோர்வுக்கோ தரப்படுபவை என்பதால், மருந்துக் கடையில் கேள்விப்பட்டு அஞ்ச வேண்டாம். தொடக்கத்தில் தூக்கமும் தலைச்சுற்றலும் வரலாம். ஆகையால் குறைந்த அளவில் இரவில் தொடங்குவோம். அந்நாட்களில் வண்டி ஓட்டுதலும் இயந்திரத்தில் வேலை செய்தலும் கூடாது. திடீரென நிறுத்தவும் கூடாது. நோயின் தொடக்கத்தில் வீக்கமும் சூடும் மிகுந்திருந்தால், சிலருக்குக் குறுகிய காலம் ஸ்டீராய்டு மாத்திரை தருவோம். நீரிழிவு உள்ளவர்கள் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

நரம்புத் தடை ஊசி

மருந்தும் பயிற்சியும் மட்டும் போதாதபோது நரம்புத் தடை ஊசியை நாடுகிறோம். கையின் இரத்தக் குழாய்களையும் வியர்வையையும் நம் விருப்பமின்றியே இயக்குபவை பரிவு நரம்புகள். கைக்குச் செல்லும் இந்நரம்புகள் கழுத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு முடிச்சாகச் சேர்கின்றன. ஸ்டெல்லேட் முடிச்சு என்று அதற்குப் பெயர். அதனருகில் உணர்ச்சி நீக்கும் மருந்தைச் செலுத்தினால் அந்நரம்புகள் சில மணி நேரம் அடங்குகின்றன. சிலரிடம் வலியும் உடன் அடங்குகிறது.

ஊசி போடும் நாளில் எங்கள் அறிவுரைப்படி வெறும் வயிற்றோடு வர வேண்டும். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். கழுத்தில் தோல் மரக்க மருந்து கொடுத்து, அல்ட்ராசவுண்ட் திரையில் இரத்தக் குழாய்களையும் நரம்பையும் பார்த்தபடியே மெல்லிய ஊசியைச் செலுத்துவோம். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பிறகு கண்காணிப்பில் இருந்து, அன்றே வீடு திரும்பலாம். உடன் ஒருவர் வர வேண்டும்.

ஊசிக்குப் பின் கை சூடேறும். ஊசி போட்ட பக்கத்துக் கண் இமை தாழும், கண் சிவக்கும், மூக்கு அடைக்கும், குரல் கரகரக்கும். முகவாதம் வந்துவிட்டதென்று குடும்பத்தார் பதறுவது இங்கேதான். அஞ்ச வேண்டாம்; மருந்து சரியான இடத்தைச் சென்றடைந்ததைக் காட்டும் அறிகுறிகளே இவற்றுள் பெரும்பாலானவை. சில மணி நேரத்தில் மறைந்துவிடும். குரல் தெளியும்வரை உண்ணவோ பருகவோ கூடாது, புரையேறக்கூடும்.

ஊசியில் ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. இரத்தக் கசிவு, மருந்து இரத்தக் குழாயில் சேர்ந்து வலிப்பு வருதல், நுரையீரல் உறையில் காற்றுப் புகுதல் ஆகியவை அரிதாக நேரலாம். எனவே அவசர வசதியுள்ள அறையில் மட்டுமே இது செய்யப்பட வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள், மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், கழுத்தில் சீழோ புண்ணோ உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆய்வுகளும் இந்த ஊசி மட்டுமே நோயை நீக்கும் என்று காட்டவில்லை. முதல் ஓரிரு ஊசிகளில் பலன் தெரியாவிட்டால் மேலும் மேலும் போடுவதில்லை. பலன் தெரிந்தால், இடைவெளி விட்டுச் சில முறை தொடர்கிறோம். சிலருக்குத் தோள்பட்டைக்கு அருகில் கையின் நரம்புக் கற்றையையே மரக்கச் செய்கிறோம். அவ்வாறு செய்தால் கை பல மணி நேரம் உணர்வின்றி இருக்கும். அதைத் தூளியில் தாங்கி, அடுப்புக்கும் கொதிநீருக்கும் எட்டாமல் காக்க வேண்டும். பால் பிராண்ட் சொன்ன ஆபத்து அந்தச் சில மணி நேரத்துக்கு உங்கள் கைக்கும் உண்டு.

ஊசி கதவைத் திறக்கும். நடந்து உள்ளே செல்வது பயிற்சியால்தான். ஆகவே ஸ்டெல்லேட் ஊசிக்குப் பின், கண்காணிப்பு முடிந்து நோயாளி தெளிவாக இருந்தால், அன்றே இயன்முறை மருத்துவரிடம் அனுப்புகிறோம்.

பயிற்சிகள்

தொடுதலுக்குப் பழக்குதல்: முதலில் பஞ்சு, பிறகு மென்பட்டு, அதன்பின் பருத்தித் துணி, பூத்துவாலை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் மெல்லத் தடவ வேண்டும். அடுத்த நிலையில் அரிசியோ பாசிப்பயறோ நிறைந்த பாத்திரத்துக்குள் கையை விட்டு அளையலாம். ஒரு முறைக்குச் சில நிமிடங்கள், நாளுக்குப் பல முறை என்பது கணக்கு.

கண்ணாடிப் பயிற்சி: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலியைத் தணிக்க, 1990களில் எளிய கண்ணாடிப் பெட்டியொன்றைப் பயன்படுத்தினார். அதே உத்தி இந்நோய்க்கும் எடுத்தாளப்படுகிறது. மேசைமேல் கண்ணாடியை நிறுத்தி, நோயுற்ற கையைப் பின்னால் மறைத்து, நல்ல கையை அதன்முன் அசைக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் கை நோயுற்ற கையே வலியின்றி அசைவதுபோல் மூளைக்குத் தோன்றும். சிலருக்குப் பார்ப்பதே வலியைக் கூட்டும்; அவர்கள் இடக்கை, வலக்கைப் படங்களை இனங்காணுவதிலும், அசைவைக் கற்பனை செய்வதிலும் தொடங்கிப் படிப்படியாக இதற்கு வர வேண்டும்.

பளு கொடுத்தல்: மேசையையோ தரையையோ துணியால் அழுத்தித் துடைத்தல், சிறு பையைத் தூக்கி நடத்தல் ஆகியவை. சில நிமிடங்களில் தொடங்கி நேரத்தையும் எடையையும் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். வீட்டு வேலையே மருந்தாகும் இடம் இது.

பயிற்சியின் அளவுக்கு ஓர் எளிய விதி உண்டு. செய்யும்போது வலி சற்று ஏறலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் பயிற்சியின் அளவைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. விறைத்த விரல்களைப் பிறர் வலிந்து மடக்கக்கூடாது. அழுத்தி உருவி விடுதலும் கூடாது. கை மரத்திருக்கும்போது இவற்றைச் செய்தால் திசு கிழிந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. பனிக்கட்டி ஒத்தடம் இந்நோயில் தீங்கு செய்யக்கூடும். மாதக்கணக்கில் கட்டுப்போட்டு வைப்பதும் தவறு. புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு

இந்நோயாளிகளை உடைப்பது வலியைவிட அவநம்பிக்கையே என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மனக்கவலையும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும். அதனால் வலி மனத்தின் கற்பனை என்று ஆகாது. வலியை நம்புங்கள். அதே நேரத்தில், அன்பின் பெயரால் எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடாதீர்கள். ஒரு தம்ளரை எடுக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆனால், அந்த இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுமையாகக் குணமாகுமா? விரைவில் கண்டறியப்பட்டவர்களில் பலர் முதல் ஓராண்டுக்குள் நன்கு தேறுகின்றனர். சிலருக்கு ஓரளவு வலியும் விறைப்பும் எஞ்சும். யாருக்கு எவ்வளவு என்று முதல் நாளே உறுதி கூற இயலாது.

எப்போது வேலைக்குத் திரும்பலாம்? வலி முற்றும் நீங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இலகுவான வேலை, குறைந்த நேரம் என்று தொடங்கலாம். முதலாளியிடம் காட்டக் கடிதம் தேவையெனில் கேட்டுப் பெறுங்கள்.

மாவுக்கட்டுப் போட்டிருக்கும்போதே தடுக்க முடியுமா? கட்டுக்கு வெளியே உள்ள விரல்களையும் தோளையும் மருத்துவர் அனுமதித்தபடி நாள்தோறும் அசைத்து வாருங்கள். கையை உயர்த்தி வையுங்கள். கட்டு இறுகி வலி கூடினாலோ, விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, காலையில் பார்க்கலாம் என்று இராமல் அப்போதே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஊசி போட்டு வீடு சென்ற பின் எப்போது அஞ்ச வேண்டும்? மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கழுத்தில் பெருகும் வீக்கம், வலிப்பு, மயக்கம், காய்ச்சல் இவற்றுள் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

அந்த அம்மையார்

அவருக்கு மருந்தோடு நான்கு ஊசிகள் போடப்பட்டன. முதல் ஊசிக்குப் பின் கை வெதுவெதுவென்று ஆனபோது, ஐந்து மாதங்களில் முதன்முறையாகத் தன் வலக்கையை இடக்கையால் தொட்டுப் பார்த்தார். இரண்டாம் ஊசியில் அவ்வளவு பலன் இல்லை; மனம் தளர்ந்தார். மகன் தளரவிடவில்லை. வீட்டில் அரிசிப் பாத்திரத்தைத் தாயின் முன் வைத்து நேரத்தைக் கணக்கிட்டவர் அவரே. எட்டு மாதப் பயிற்சிக்குப் பின் இன்று அம்மையார் தாமே தலை பின்னிக்கொள்கிறார், மாவு பிசைகிறார், பாதிக் குடம் தண்ணீர் தூக்குகிறார். தறிக்கூடத்தில் அரை நாள் வேலை பார்க்கிறார். மார்கழிக் குளிரில் வலி சற்று ஏறுகிறது. சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

நான்காம் மாதத்தில் வந்தவர் அவர். கட்டைப் பிரித்த இரண்டாம் வாரத்திலேயே வந்திருந்தால் அந்த விரலும் மடங்கியிருக்கக்கூடும். எலும்பு கூடிய பின்னும் எரியும் கை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அழைத்து வாருங்கள்.